ஜாபிக்ஸ் 6.0-இலிருந்து 7.0-க்கு: ஸ்டார்ட் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

நெட்வொர்க் கண்காணிப்புக்கு ஜாபிக்ஸ் ஓடும் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "7.0-க்கு மாத்திடுங்க" என்று ஒரு டிக்கெட் உங்கள் பெயரில் வந்து விழுந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் பத்து வரிக் கட்டளைகள் கிடைக்கும், பெரும்பாலும் அவை சரியாகவே இருக்கும்: ரிப்போவை (பேக்கேஜ்கள் வரும் களஞ்சியத்தை) மாற்று, பேக்கேஜை ஏற்று, சர்வரைத் தொடங்கு. சிக்கல் அந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது. புதிய சர்வர் முதல்முறை எழும்போதே டேட்டாபேஸின் அமைப்பைத் தானாக மாற்றிவிடும். மாறிய டேட்டாபேஸோடு பழைய 6.0 சர்வர் ஓடாது. பின்னால் போவதற்கு ஜாபிக்ஸில் கட்டளையே கிடையாது, பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றுதான் வழி. அதனால்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ஸ்டார்ட் கொடுப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

முதலில் ஒரு கேள்வி: இப்போதே மாற வேண்டுமா? லாட்வியாவின் ரீகா நகரில் இருக்கும் ஜாபிக்ஸ் நிறுவனம் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை எல்டிஎஸ் என்ற பெயரில் வெளியிடுகிறது. 5.0 வந்தது 2020-இல், 6.0 வந்தது 2022 பிப்ரவரியில், 7.0 வந்தது 2024 ஜூனில். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன் பிறகு இரண்டு ஆண்டு வரம்புக்குட்பட்ட ஆதரவும் உண்டு. ஆக 6.0-க்கு முழு ஆதரவு 2025 பிப்ரவரியோடு முடிந்தது, மிச்ச ஆதரவு 2027 பிப்ரவரி வரை. அவசரப்பட்டு இந்த வாரமே செய்ய வேண்டியதில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விட்டுவிடவும் கூடாது. நிதானமாக ஒத்திகை பார்க்கக் கிடைக்கும் அவகாசம் இது.

1. இப்போது என்ன ஓடுகிறது என்று எழுதி வையுங்கள்

வெப் முகப்பில் ரிப்போர்ட்ஸ் மெனுவின் கீழே சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கம் இருக்கிறது. ஹோஸ்ட்கள் (கண்காணிக்கப்படும் கருவிகள்) எத்தனை, ஐட்டங்கள் (அவற்றில் அளக்கும் ஒவ்வோர் அளவும்) எத்தனை, விநாடிக்கு எத்தனை மதிப்புகள் வர வேண்டும் என்ற மதிப்பீடு எல்லாம் அங்கே தெரியும். அந்தப் பக்கத்தையும், விநாடிக்கு உண்மையில் எத்தனை மதிப்புகள் வருகின்றன என்று காட்டும் ஜாபிக்ஸ் சர்வரின் வரைபடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அப்கிரேட் முடிந்த மறுநாள் "எல்லாம் சரியா ஓடுதா?" என்று மேலதிகாரி கேட்கும்போது பதில் சொல்ல இந்தப் படங்கள்தான் உதவும். முன்பு விநாடிக்கு 400 மதிப்புகள் வந்த இடத்தில் இப்போது 250 வந்தால், திரையெல்லாம் பச்சையாக இருந்தாலும் எங்கோ எதுவோ நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

ஹிஸ்டரி அட்டவணைகள் (வந்த மதிப்புகள் சேரும் இடம்) இன்னும் மேம்படுத்தப்படவில்லை என்ற எச்சரிக்கை சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் இருந்தால், முந்தைய அப்கிரேட் ஒன்றில் யாரோ பாதி வேலையோடு விட்டுப் போயிருக்கிறார்கள். அதை முதலில் முடியுங்கள்.

அடுத்து ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிஎச்பி, டேட்டாபேஸ் ஆகிய மூன்றின் பதிப்பு எண்கள். 7.0-இன் வெப் முகப்புக்குக் குறைந்தது பிஎச்பி 8.0 வேண்டும். 6.0-க்கு 7.2.5 இருந்தாலே போதுமாக இருந்தது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். உபுண்டு 20.04-உடன் வருவது பிஎச்பி 7.4, டெபியன் 11-லும் அதேதான். உபுண்டு 22.04, டெபியன் 12, ரெட்ஹேட் 9 ஆகியவற்றில் பிரச்சினை இல்லை. ரெட்ஹேட் 8-இல் இயல்பாக வருவது பிஎச்பி 7.2, பேக்கேஜ்களை நிறுவும் டிஎன்எஃப் கருவியின் மாட்யூல் வழியாக 8.2-க்கு மாற்றிக்கொள்ளலாம். சென்ட்ஓஎஸ் 7-இல் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அப்கிரேட் என்ற பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் புது மெஷினுக்கு இடம் மாறுவதைப் பாருங்கள்.

டேட்டாபேஸில் மைஎஸ்கியூஎல் என்றால் குறைந்தது 8.0.30, மரியாடிபி என்றால் 10.5, போஸ்ட்கிரெஸ் என்றால் 13. இதற்குக் கீழே இருந்தால் சர்வர் எழ மறுத்துவிடும். கான்ஃபிக் கோப்பில் "அலவ் அன்சப்போர்ட்டட் டிபி வெர்ஷன்ஸ்" என்ற வரியை 1 ஆக்கி அதை ஏமாற்றலாம். அந்த வரி உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது யாரோ வாங்கிவிட்டுப் போன கடன், இப்போது நீங்கள் அடைக்க வேண்டியது. ஆரக்கிள் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். 7.0-இல் ஆரக்கிள் ஆதரவு விலக்கப்படும் பட்டியலில் சேர்ந்தது, 7.2-இல் எடுத்தே விட்டார்கள்.

இந்த மூன்றில் எதையாவது மாற்ற வேண்டியிருந்தால், ஜாபிக்ஸ் அப்கிரேட் செய்யும் அதே இரவில் மாற்றாதீர்கள். முதலில் 6.0-இன் கடைசித் துணைப்பதிப்புக்கு வாருங்கள். பழைய துணைப்பதிப்புகள் சிலவற்றுக்குப் புதிய பிஎச்பி ஒத்துவராது. பிறகு பிஎச்பியையும் டேட்டாபேஸையும் உயர்த்தி, 6.0-ஐ அதன் மேல் ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஒரே இரவில் மூன்றையும் மாற்றிவிட்டு விடியற்காலையில் முகப்பு வெள்ளையாக நின்றால், எதைக் குற்றம் சொல்வது என்றே தெரியாது.

2. நடுவில் தாண்டும் பதிப்புகளின் குறிப்புகளையும் படியுங்கள்

6.0-இலிருந்து 7.0-க்கு நேராகத் தாவலாம், 6.2, 6.4 என்று படிப்படியாக ஏற வேண்டியதில்லை. 5.0-இலிருந்தும் 4.0-இலிருந்தும்கூட நேராக வரலாம். ஆனால் தாண்டிவந்த பதிப்புகளில் நடந்த மாற்றங்கள் எல்லாம் மொத்தமாக உங்கள் தலையில் இறங்கும். ஆகவே 6.2, 6.4, 7.0 மூன்றின் அப்கிரேட் குறிப்புகளையும் படிக்க வேண்டும். 7.0-இன் குறிப்பை மட்டும் படிப்பவர்கள்தான் அதிகம்.

இவற்றில் பெரும்பாலும் அடி வாங்குவது ஏபிஐ (வேறு நிரல்கள் ஜாபிக்ஸோடு பேசும் வாசல்) வழியாகப் பேசும் ஸ்கிரிப்டுகள். 6.2-இல் டெம்ப்ளேட் (பல ஹோஸ்ட்களுக்குப் பொதுவான ஐட்டங்களின் தொகுப்பு) குழுக்கள் ஹோஸ்ட் குழுக்களிலிருந்து பிரிக்கப்பட்டன. டெம்ப்ளேட்டை ஹோஸ்ட் குழுவில் போடும் ஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும் அங்கே உடையும். உள்நுழையும்போது "யூசர்" என்ற பெயரில் பயனர் பெயரை அனுப்புவது 6.4-இல் நீக்கப்பட்டது. இனி "யூசர்நேம்" என்றே அனுப்ப வேண்டும். இந்த ஒரு வார்த்தையால் நின்றுபோகும் பழைய பைதான் ஸ்கிரிப்டுகள் ஏராளம். 7.0-இல் ப்ராக்ஸிகளுக்கு (கிளை அலுவலகம் போன்ற இடங்களில் தரவைத் திரட்டிச் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை நிரல்கள்) டேட்டாபேஸில் தனி அட்டவணை வந்தது. அதுவரை அவை ஹோஸ்ட் அட்டவணைக்குள்ளேயே வேறொரு ஸ்டேட்டஸ் எண்ணோடு ஒளிந்திருந்தன. "ப்ராக்ஸி ஹோஸ்ட்ஐடி" என்ற புலமும் "ப்ராக்ஸிஐடி" ஆகிவிட்டது. டேட்டாபேஸை நேரடியாகப் படித்து மாதாந்திர ரிப்போர்ட் எடுக்கும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அதைக் கட்டாயம் சோதியுங்கள். அத்தகைய ரிப்போர்ட் பிழை காட்டி நின்றால் கூடப் பரவாயில்லை, ப்ராக்ஸிப் பட்டியலைக் காலியாகக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும்போதுதான் ஆபத்து.

யார் யார் ஏபிஐ பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள், மீதிப் பேருக்கே தெரியாது. அதைவிட வெப் சர்வரின் ஆக்ஸஸ் லாகைத் திறந்து, ஏபிஐ கோப்பை அழைத்த ஐபி முகவரிகளைப் பிரித்தெடுங்கள். ஒரு மாத லாக் இருந்தால் நல்லது, மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ரிப்போர்ட்டும் அதில் சிக்கும். வந்த பட்டியலில் வரைபடங்கள் காட்டும் கிராஃபானா பெரும்பாலும் இருக்கும். அதன் ஜாபிக்ஸ் ப்ளக்இன் எந்தப் பதிப்பு, 7.0-உடன் பேசுமா என்று பாருங்கள். டிக்கெட் சிஸ்டம், தானாக ஹோஸ்ட் சேர்க்கும் ஆன்சிபிள் எல்லாம் அடுத்து வரும்.

டேஷ்போர்டுகளில் ஒரு சின்ன மாற்றம்: பழைய ப்ளெயின் டெக்ஸ்ட் விட்ஜெட்டின் இடத்தில் ஐட்டம் ஹிஸ்டரி விட்ஜெட் வரும். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் பெரிய திரை இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் போன் அங்கிருந்துதான் வரும்.

3. பேக்கப், அதை மீட்கும் நேரம்

ஜாபிக்ஸ் டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது என்று பலருக்கும் ஒரு மதிப்பீடு இருப்பதில்லை. எளிய கணக்கு இதோ. 3,000 ஐட்டங்கள், ஒவ்வொன்றும் 60 விநாடிக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு 50 மதிப்புகள். 30 நாள் ஹிஸ்டரி வைத்தால் 12 கோடியே 96 லட்சம் வரிசைகள். ஒரு மதிப்புக்கு ஏறக்குறைய 90 பைட் என்று வைத்தால் 11 ஜிபிக்கு அருகில். ட்ரெண்டுகள் (மணிநேரச் சுருக்கம்), ஈவென்டுகள் (நிகழ்வுப் பதிவுகள்) எல்லாம் தனி. நடுத்தர நிறுவனம் ஒன்றில் இதைப் போல் பத்து மடங்கு இருப்பது சாதாரணம்.

மைஎஸ்கியூஎல் டம்ப் எடுப்பது ஓரளவு வேகமாக முடியும். ஆனால் அதைத் திரும்ப ஏற்றுவதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும், ஒவ்வொரு வரிசையும் புதிதாக எழுதப்பட்டு இன்டெக்ஸும் சேர்ந்து கட்டப்பட வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி, இரண்டு மணிக்கு "வேண்டாம், பழையதுக்கே போயிடலாம்" என்று முடிவெடுத்தால், மீட்பு எப்போது முடியும்? இந்தக் கேள்விக்கு உங்களிடம் விடை இல்லையென்றால் தேதி குறிக்காதீர்கள். டேட்டாபேஸ் பெரிதாக இருந்தால் டம்ப்பை நம்பாமல், பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப் அல்லது மரியாபேக்கப் மூலம் கோப்பு அளவிலேயே நகல் எடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் பேஸ்பேக்கப். மெஷின் விர்ச்சுவலாக இருந்தால் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், எனக்கு இதுதான் பிடித்தமான வழி. ஆனால் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கும்போது ஜாபிக்ஸ் மெஷினை மட்டும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. எந்த மெஷினை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

டேட்டாபேஸ் தவிர எடுத்து வைக்க வேண்டியவை: ஈடிசி டைரக்டரிக்குள் இருக்கும் ஜாபிக்ஸ் கான்ஃபிக் கோப்புகள், அலர்ட் ஸ்கிரிப்டுகள், எக்ஸ்டர்னல் ஸ்கிரிப்டுகள், அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் கான்ஃபிக். கூடவே 6.0-இன் பேக்கேஜ் கோப்புகளையும் ஒரு டைரக்டரியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டிய நிலைமை வந்தால் அந்த நேரத்தில் இணையத்தை நம்பி உட்கார வேண்டியதில்லை.

4. ஒத்திகை

மேலே சொன்ன பேக்கப்பை ஒரு தனி மெஷினில் மீட்டு, அதன் மேல் 7.0-ஐ ஏற்றிப் பாருங்கள். இதைத் தவிர்க்க ஆயிரம் காரணம் சொல்வார்கள், மெஷின் இல்லை, நேரம் இல்லை என்று. ஆனால் பேக்கப் உண்மையில் மீள்கிறதா, மீள எவ்வளவு நேரம், டேட்டாபேஸ் மாற்றத்துக்கு எவ்வளவு நேரம், வட்டில் எவ்வளவு காலியிடம் வேண்டும் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் ஒரே ஒத்திகையில் விடை கிடைக்கும். இன்னொருவருடைய அனுபவக் குறிப்பில் "பத்து நிமிஷத்துல முடிஞ்சது" என்று இருப்பது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் அட்டவணையின் அளவும் உங்கள் வட்டின் வேகமும் வேறு.

ஒரு பெரிய எச்சரிக்கை. மீட்ட நகலை அலுவலக நெட்வொர்க்கிலேயே அப்படியே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். அதற்குத் தான் நகல் என்று தெரியாது. எழுந்தவுடன் எல்லா ஸ்விட்சுகளையும் ரவுட்டர்களையும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் நிலையைக் கேட்கும் நெறிமுறை) மூலம் கேட்கத் தொடங்கும். பாதிக் கருவிகள் இந்தப் புதிய ஐபிக்குப் பதில் தராது. உடனே எல்லாமே செத்துவிட்டன என்று முடிவுகட்டி, நள்ளிரவில் மொத்தக் குழுவுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும். தானாகக் கட்டளை ஓட்டும் ஆக்‌ஷன் ஏதாவது இருந்தால், உண்மையான சர்வர்களில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யவும் கிளம்பிவிடும்.

ஆகவே நகல் மெஷினிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தை ஃபயர்வாலில் அடையுங்கள். அதோடு ஜாபிக்ஸ் சர்வரைத் தொடங்குவதற்கு முன்பே, டேட்டாபேஸில் மீடியா டைப் (எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற அலர்ட் அனுப்பும் வழிகள்) அட்டவணையிலும் ஆக்‌ஷன்ஸ் அட்டவணையிலும் ஸ்டேட்டஸ் பத்தி முழுவதையும் 1 ஆக்கிவிடுங்கள். 0 என்றால் இயங்கும், 1 என்றால் முடக்கம். இரண்டும் செய்ய வேண்டும், ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும்.

மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபியில் பைனரி லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) இயக்கத்தில் இருந்தால், அப்கிரேடின்போது ட்ரிக்கர்கள் உருவாக்க ஜாபிக்ஸ் பயனருக்கு அனுமதி போதாமல் சர்வர் பாதியில் நின்றுவிடும். "லாக் பின் டிரஸ்ட் ஃபங்ஷன் கிரியேட்டர்ஸ்" என்ற அமைப்பை முன்னதாக 1 ஆக்கி, முடிந்ததும் 0 ஆக்க வேண்டும். இதெல்லாம் ஒத்திகையில் தெரிய வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம்.

ஒத்திகை நடக்கும்போது சர்வர் லாகைத் திறந்தே வைத்திருங்கள். இப்போதைய டேட்டாபேஸ் பதிப்பு, தேவையான பதிப்பு, தானியங்கி அப்கிரேட் தொடங்கியது, எத்தனை சதவீதம் முடிந்தது என்று வரிசையாக வரும். கடைசியில் முழுமையாக முடிந்தது என்ற வரி வர வேண்டும். சதவீதம் ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்பது சகஜம், பெரிய அட்டவணை ஒன்றில் வேலை நடக்கிறது என்று பொருள். பொறுமை இழந்து சர்வரைக் கொல்லாதீர்கள். ஒத்திகையில் எந்தச் சதவீதத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துவைத்தால், உண்மையான இரவில் பதற்றம் பாதியாகக் குறையும்.

5. ப்ராக்ஸிகளும் ஏஜென்டுகளும்

கண்காணிக்கப்படும் மெஷின்களில் ஓடும் சிறு நிரல்களான ஏஜென்டுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய ஏஜென்ட் புதிய சர்வரோடு நன்றாகவே பேசும். ஆயிரம் மெஷின்களில் இருப்பதை எல்லாம் அன்றிரவே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ப்ராக்ஸிகள் விஷயம் வேறு. 7.0 சர்வருக்குக் கீழே 6.0 ப்ராக்ஸி "காலாவதியானது" என்ற நிலையில் ஓடும். தரவைத் திரட்டி அனுப்பும், ஆனால் புதிய கான்ஃபிகரேஷனை ஏற்காது. நீங்கள் புதிதாகச் சேர்க்கும் ஹோஸ்ட் அந்தக் கிளை அலுவலகத்தின் ப்ராக்ஸிக்குப் போய்ச் சேராது. 6.0-க்கும் முந்தைய ப்ராக்ஸி என்றால் ஆதரவே இல்லை. ஆக, முதலில் சர்வர், பிறகு ப்ராக்ஸிகளை ஒவ்வொன்றாக, அடுத்தடுத்த நாள்களில்கூடச் செய்யலாம். அந்த இடைவெளியில் கான்ஃபிகரேஷன் மாற்றம் வேண்டாம் என்று குழுவுக்குச் சொல்லி வையுங்கள்.

சர்வர் நின்றிருக்கும் நேரத்தில் ப்ராக்ஸி தரவைத் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும், ஆனால் இயல்பாக ஒரு மணிநேரத்துக்குத்தான். ஒத்திகையில் சர்வர் அதைவிட அதிக நேரம் எடுத்திருந்தால், ப்ராக்ஸி கான்ஃபிக்கில் "ப்ராக்ஸி ஆஃப்லைன் பஃபர்" என்ற எண்ணை முதல் நாளே உயர்த்தி ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். எஸ்கியூலைட்டில் ஓடும் சின்ன ப்ராக்ஸிகளில் இன்னொரு வேறுபாடு உண்டு. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் அப்கிரேட் ஆகாது, புதிதாகத்தான் உருவாகும். அதனால் ப்ராக்ஸியை நிறுத்துவதற்கு முன் அதில் தேங்கியிருக்கும் தரவு முழுவதும் சர்வருக்குப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

ஹெச்ஏ கிளஸ்டராக (ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் அமைப்பாக) இரண்டு மூன்று சர்வர் நோடுகள் இருந்தால் எல்லா நோடுகளையும் நிறுத்திய பிறகே முதல் நோடை உயர்த்த வேண்டும். ஒன்று ஓடிக்கொண்டிருக்க மற்றொன்றை மாற்றும் வித்தை இங்கே செல்லாது. டாக்கரில் ஓட்டுபவர்கள் இமேஜ் டேகில் "லேட்டஸ்ட்" என்று போட்டிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். அப்படியிருந்தால், இமேஜைப் புதிதாக இழுத்துக் கன்டெய்னரைத் திரும்ப உருவாக்கும் ஏதோ ஒரு நாளில், யாரும் கேட்காமலேயே உங்கள் டேட்டாபேஸ் அடுத்த பதிப்புக்குப் போய்விடும்.

6. அந்த இரவு

சர்வர் நின்றிருக்கும் நேரம் முழுக்க அலர்ட் எதுவும் வராது என்பதை நெட்வொர்க் குழு, சர்வர் குழு இரண்டுக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். முக்கியமான லிங்குகளுக்கு மட்டும் வேறொரு மெஷினிலிருந்து பிங் ஓடவிட்டால் போதும்.

நிறுத்துவதற்கு முன் அலர்ட் அனுப்பும் ஆக்‌ஷன்களை முடக்குங்கள். சர்வர் மீண்டும் எழும்போது ப்ராக்ஸிகளில் தேங்கிய பழைய தரவு வெள்ளமாக வரும், அதோடு சேர்ந்து எப்போதோ முடிந்துபோன பிரச்சினைகளுக்கான அலர்ட்டுகளும் வரும்.

பிறகு வரிசை இதுதான்: சர்வரை நிறுத்துங்கள், கடைசி பேக்கப் எடுங்கள், ரிப்போவை 7.0-க்கு மாற்றுங்கள், பேக்கேஜை ஏற்றுங்கள், தொடங்குங்கள். ரெட்ஹேட் வகையில் இபெல் என்ற கூடுதல் ரிப்போவும் ஜாபிக்ஸ் பேக்கேஜ்கள் வைத்திருக்கிறது. இபெல் கான்ஃபிக்கில் ஜாபிக்ஸை விலக்கி வைக்காவிட்டால் இரண்டும் கலந்து குழப்பும். டெபியன், உபுண்டுவில் கான்ஃபிக் கோப்பை மாற்றவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லி உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். ரெட்ஹேட்டில் புதிய கோப்பு பக்கத்திலேயே வேறு பெயரில் வந்து உட்காரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

பழையதற்குத் திரும்புவதா என்று முடிவெடுக்க ஒரு நேரத்தை முன்பே குறித்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குள் எல்லாம் ஓட வேண்டும், மீட்க மூன்று மணிநேரம் ஆகும் என்றால், இரவு மூன்று மணிதான் எல்லை. அந்த நேரத்தில் "இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம்" என்று சொல்லத் தோன்றும், அதனால்தான் பகலிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

முகப்பு விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் பிரவுசரின் குக்கியையும் கேஷையும் அழியுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

7. மறுநாள் பார்க்க வேண்டியவை

ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து விநாடிக்கான மதிப்புகளை ஒப்பிடுங்கள். க்யூவில் (நேரம் தாண்டியும் வராத மதிப்புகளின் பட்டியலில்) தேக்கம் இருக்கிறதா பாருங்கள். 7.0-இல் ஏஜென்ட், ஹெச்டிடிபி, எஸ்என்எம்பி வாக் ஆகிய சோதனைகளுக்குத் தனித்தனிப் புதிய போலர்கள் (மதிப்புகளைக் கேட்டு வாங்கும் சர்வர் செயல்முறைகள்) வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஆயிரம் சோதனைகள் வரை செய்யும். அதனால் பழைய போலர்களின் பயன்பாட்டு வரைபடம் திடீரென்று கீழே விழுந்தால் பயப்பட வேண்டாம், வேலை இடம் மாறியிருக்கிறது. டைம்அவுட் அமைப்பும் கான்ஃபிக் கோப்பிலிருந்து முகப்புக்கு வந்துவிட்டது, ஐட்டம் வகைவாரியாக மாற்றலாம். அப்கிரேட் ஆகும்போது உங்கள் பழைய மதிப்பே எல்லா வகைகளுக்கும் போய் உட்கார்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஆக்‌ஷன்களைத் திரும்ப இயக்குங்கள். இதை மறப்பவர்கள் உண்டு, மறந்தால் அடுத்த லிங்க் விழும்போது யாருக்கும் தெரியாது.

கடைசியாக டெம்ப்ளேட்டுகள். சர்வர் 7.0 ஆனாலும் டெம்ப்ளேட்டுகள் பழையபடியேதான் இருக்கும், அவை தானாக மாறாது. புதியவற்றை நீங்களே இம்போர்ட் செய்ய வேண்டும், அவசரமில்லை. செய்யும்போது பழைய டெம்ப்ளேட்டை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்பிருந்தவர் ஜாபிக்ஸின் சொந்த டெம்ப்ளேட்டிலேயே நேரடியாக அளவெல்லைகளைத் திருத்தியிருந்தால், இம்போர்ட் அதையெல்லாம் துடைத்துவிடும். இம்போர்ட் சாளரத்தில் "டிலீட் மிஸ்ஸிங்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் புதிய டெம்ப்ளேட்டில் இல்லாத ஐட்டங்கள் நீக்கப்படும், அவற்றின் ஹிஸ்டரியும் கூடவே போகும். ஒரே ஒரு ஹோஸ்ட் மட்டும் இணைந்திருக்கும் டெம்ப்ளேட்டில் தொடங்குங்கள், அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல்.